அப்பாவின் பழைய படைப்பணிக்கும் அரசுப் பணிக்கும் அங்கீகாரம் கேட்பது எப்படி? பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய இராணுவ வீரர்கள், மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அவசரகாலத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், ரயில்வே, துறைமுகம், நகராட்சி என்று வேலை செய்தவர்கள், அவர்களின் மனைவி மக்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். பலர் பாரம் நிரப்பும் இடத்தில் தடுமாறுவதில்லை. அதற்கு முன்பே, தவறான அலுவலகத்தில் வரிசையில் நிற்பதிலும், பெயர் எழுத்துப் பொருந்தாமல் போவதிலும்தான் மாதக்கணக்கில் காலம் கரைகிறது. அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

"என்ன உடுப்பு போட்டிருந்தார்?" என்று கேட்காதீர்கள். "மாதச் சம்பளம் யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். காக்கி போட்டவர் எல்லாரும் இராணுவம் அல்ல. துப்பாக்கி பிடித்தவர் எல்லாரும் அரசாங்கச் சம்பளக்காரரும் அல்ல.

மலாயா அல்லது மலேசிய ஆயுதப்படை சம்பளம் கொடுத்திருந்தால், தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை மூன்றுக்கும் தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் வீரர் விவகாரத் துறைதான் வாசல். ஜே.எச்.இ.வி. என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். மாநிலக் கிளைகள் உண்டு. பினாங்கிலிருந்து எடுத்த எடுப்பில் கோலாலம்பூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

காவல்துறை சம்பளம் என்றால் ஜே.எச்.இ.வி. எதுவும் செய்ய முடியாது. பினாங்கு சாலையில் உள்ள மாநிலக் காவல் தலைமையகத்தில் தொடங்குங்கள். கூட்டரசு இலாகா ஊழியர் என்றால் அந்த இலாகாவும், ஓய்வூதியம் கொடுக்கும் குவாப்பும். நகராட்சி ஊழியர் என்றால் மாநகர் மன்றத்தின் மனிதவளப் பிரிவு. பிரிட்டிஷ் இராணுவமோ ஆஸ்திரேலிய ஆகாயப்படையோ சம்பளம் கொடுத்திருந்தால் விண்ணப்பம் கடல் கடந்து போக வேண்டும்.

காக்கி உடையில் ஒரு படம் மட்டும்தான் இருக்கிறது. எந்தப் படை என்றே தெரியவில்லை.

படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாக எடுத்துப் பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு தொப்பிச் சின்னம், தோள்பட்டை எழுத்து, கைப்பட்டை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்கிப் படம் பிடியுங்கள்.

ஆண்டு தெரிந்தால் பாதி விடை வந்துவிடும். 1933-இல் போர்ட் டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டுமானது. அதில் தாத்தா இருந்திருக்க வாய்ப்பில்லை. எல்லா இனத்தவரையும் சேர்த்த ஃபெடரேஷன் ரெஜிமெண்ட் 1952-இல்தான் வந்தது. சிக்னல்ஸ், எஞ்சினியர்ஸ் பிரிவுகளிலும் தமிழர் இருந்தனர். ஆகாயப்படை 1958-இல் பிறந்தது. ஆகவே 1949 அல்லது 1950 என்று தேதி போட்ட படத்தில் தோட்டத்து லயத்தின் முன்னால் ரைஃபிளோடு நிற்பவரை முதலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று எடுத்துக்கொண்டு தேடுவது நல்லது.

தாத்தா அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அவர் முன்னாள் இராணுவ வீரர் ஆவாரா?

ஆக மாட்டார். அவசரகாலம் 16 ஜூன் 1948 முதல் 31 ஜூலை 1960 வரை. அந்தக் காலத்தில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கச் சேர்த்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் காவல்துறையின் கீழ் இருந்தவர்கள். ஹோம் கார்டு வேறு. தோட்ட நிர்வாகமே தன் செலவில் வைத்த காவலாளி அதிலும் வேறு. பேரப்பிள்ளைகள் பேச்சில் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன, ஆனால் ஆவணத்தில் அவை ஒன்றாவதில்லை.

காவல்துறைக்கு எழுதும்போது ஸ்பெஷல் கான்ஸ்டபிள் எண், பணியாற்றிய தோட்டம், அது அப்போது எந்த மாவட்டக் காவல் நிலையத்தின் கீழ் இருந்தது என்ற மூன்றையும் கொடுங்கள். தோட்டத்தின் பெயர் மாறியிருந்தாலோ, தோட்டமே வீடமைப்புப் பகுதியாகிவிட்டிருந்தாலோ பழைய பெயரையே எழுதி, இன்றைய பெயரை அடுத்துக் குறிப்பிடுங்கள். மாவட்டம் தெரியாமல் வெறும் தோட்டப் பெயரை மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு பதிவேட்டில் யாராலும் தேட முடியாது.

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் அப்பா இருபது வருடம் வேலை பார்த்தார். அது படைப்பணிதானே?

தளத்துக்குள் வேலை செய்ததும் படையில் இருந்ததும் ஒன்றல்ல. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலியப் போர்விமானப் பிரிவுகள் 1988 வரை இருந்தன. அங்கே எழுத்தர், மெக்கானிக், சமையல்காரர், தோட்டக்காரர், காவலாளி என்று நிறைய உள்ளூர்க்காரர்கள் வேலை செய்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் சிவிலியன் ஊழியர்கள். அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது பணிச் சான்றிதழ். முன்னாள் வீரர் அட்டை அல்ல. இன்று அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும் மிண்டன் முகாமில் பிரிட்டிஷாரிடம் வேலை செய்தவர்களுக்கும் இதே கணக்குதான்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி: படையில் சேர்ந்தவருக்குப் படை எண்ணும் பதவிநிலையும் இருக்கும், பணிமுடிவுத் தாளில் நன்னடத்தைக் குறிப்பு இருக்கும். சிவிலியனுக்கு நுழைவு அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு, "இன்ன தேதியிலிருந்து வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறீர்" என்ற ஆட்குறைப்புக் கடிதம் இருக்கும்.

பிரிட்டிஷ் படையிலேயே உள்நாட்டுச் சிப்பாயாகச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களின் பதக்கத்துக்கு பிரிட்டிஷ் தற்காப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு எழுத வேண்டும். விண்ணப்பிப்பவர் நேரடி வாரிசு என்று காட்ட மரணச் சான்றிதழும் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் இணைய வேண்டும். அண்ணன் தம்பி பலர் இருந்தால், ஒருவர் பெயரில் விண்ணப்பிக்க மற்றவர்கள் ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தையும் சேர்த்து அனுப்பினால் பின்னால் தகராறு வராது.

பணிப் புத்தகம் தொலைந்துவிட்டது, படை எண்ணும் தெரியாது. வேறு எங்கே தேடலாம்?

எண் ஒன்று கிடைத்தால் எல்லாம் கிடைத்த மாதிரி. அதனால் நேரத்தை எண்ணைத் தேடுவதில் செலவிடுங்கள்.

பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். முகப்பை அல்ல, நாணயத்தின் ஓரம் போன்ற மெல்லிய பக்கத்தை. பிரிட்டிஷ் காலத்து ஜெனரல் சர்வீஸ் பதக்கத்தில், "மலாயா" என்ற பட்டி கோத்தது, எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றை அந்த விளிம்பில் பொறித்திருப்பார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். தீபாவளிக்குக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பல வீடுகளில் அந்த எழுத்து அழிந்துவிட்டது. இனியாவது தேய்க்காதீர்கள்.

1972-க்குப் பிறகு பணியில் இருந்த சாதாரணப் பதவிநிலை (அதிகாரி அல்லாத) வீரர் என்றால் ஆயுதப்படை நிதிக் காப்பகமான எல்.டி.ஏ.டி.-யில் கணக்கு இருந்திருக்கும். சம்பளத்தில் 10 விழுக்காடு அவருடையதும் 15 விழுக்காடு அரசாங்கத்தினுடையதுமாகச் சந்தா போகும். அந்தக் கணக்கின் பழைய ஆண்டறிக்கைத் தாளோ பணம் எடுத்த கடிதமோ கிடைத்தால் படை எண் அதில் இருக்கும்.

இன்னும் சில இடங்கள்: இராணுவ மருத்துவமனைச் சீட்டு, குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதம், பிள்ளைகளின் பழைய பள்ளிப் பதிவில் "தந்தையின் தொழில்" என்ற கட்டம், பிறப்புச் சான்றிதழில் அதே கட்டம். அம்மாவின் இரும்புப் பெட்டியில் திருமணப் பத்திரிகையும் நகைக்கடை ரசீதும் இருக்கும் அதே உறையைக் கடைசியாக ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பலருடைய பணிமுடிவுத் தாள் நான்காக மடித்து அங்கேதான் இருக்கிறது.

அடையாளக் கார்டில் ஒரு பெயர், பணிப் புத்தகத்தில் இன்னொரு பெயர். என்ன செய்வது?

இதுதான் தமிழர் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்ப வைக்கும் முதல் காரணம். தப்பு யார்மேலும் இல்லை. தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதியவர்கள் மலாய், ஆங்கில, சீன எழுத்தர்கள். அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். லெட்சுமணன் ஒரு தாளில் எல்-இ என்று தொடங்குவார், இன்னொன்றில் எல்-ஏ. சின்னப்பன் எஸ் எழுத்திலும் இருப்பார், சி எழுத்திலும் இருப்பார். பதிவேடு அகரவரிசையில் இருந்தால், எஸ் கட்டில் தேடிய எழுத்தர் சி கட்டைத் திறக்கவே மாட்டார். "பதிவு இல்லை" என்று பதில் வரும். பதிவு இருக்கும்.

இன்னொரு சிக்கல் தந்தை பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது தெரியாத எழுத்தர், பின்னால் வரும் அப்பா பெயரையே குடும்பப் பெயராக எடுத்து அதன்கீழ் கோப்பு திறந்திருப்பார். பெருமாள் மகன் லெட்சுமணனின் கோப்பு "பெருமாள்" என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய தாள்களில் எஸ்/ஓ என்று இருப்பது புதிய தாள்களில் ஏ/எல் ஆகியிருக்கும். இதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை, விளக்கம் தேவையில்லை.

ஆகவே கடிதத்திலேயே ஒரு பத்தி ஒதுக்கி, பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதுங்கள். சொந்தப் பெயரிலும் தந்தை பெயரிலும் இரண்டிலும் தேடிப் பார்க்கும்படி கேளுங்கள். அடையாளக் கார்டு எண் இரண்டையும் கொடுங்கள்: 1990-க்கு முந்திய பழைய எண், இப்போதைய 12 இலக்க எண். பழைய பணிப் பதிவில் புதிய எண் இருக்கவே இருக்காது. மைகாட் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

பழைய எண் தெரியாவிட்டால் தேசியப் பதிவுத் துறையில், ஜே.பி.என்.-இல், கேட்டு உறுதிக் கடிதம் வாங்குங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சத்தியப் பிரமாணம் தேவைப்படும். அது அடுத்த கேள்வி.

சத்தியப் பிரமாணம் எப்படி எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள்?

இது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுதும் சூராட் அக்குவான் பெர்க்கானூன். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனால் அந்தத் தாள் செல்லாது. வேறு தாள் அடிக்க வேண்டிவரும்.

உள்ளே எழுத வேண்டியவை குறைவுதான். நான் யார், அடையாளக் கார்டு எண் என்ன. இறந்தவருக்கும் எனக்கும் என்ன உறவு. எந்தத் தாளில் எந்தப் பெயர், தாளின் எண்ணும் தேதியும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன. இது எனக்கு எப்படித் தெரியும். கடைசியாகச் சொன்னதைத்தான் மக்கள் விட்டுவிடுகிறார்கள். "அவர் என் கணவர், 1961 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தோம், அவருடைய சம்பளச் சீட்டை நான்தான் எடுத்து வைப்பேன்" என்று எழுதினால் அதற்கு எடை உண்டு. "அவர் நாட்டுக்காக உழைத்த உத்தமர்" என்று ஒரு பக்கம் எழுதினால் அதிகாரி அடுத்த தாளைப் புரட்டுவார்.

குறிப்பிட்ட ஒவ்வொரு தாளின் நகலையும் ஏ, பி, சி என்று அடையாளமிட்டு இணையுங்கள். மலாயில் எழுதுவது நல்லது. கையெழுத்திடும் பாட்டிக்கு மலாய் படிக்க வராது என்றால், தாளைத் தமிழில் விளக்கிச் சொன்னதாக ஒரு வரி ஆணையரின் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். விளக்கிச் சொல்ல ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுத வேண்டாம். பொய்ப் பிரமாணம் குற்றம்.

உடன் பணியாற்றிய நண்பர் யாரேனும் உயிரோடு இருந்தால் அவரிடமும் ஒன்று வாங்குங்கள், அதுவும் இந்த வாரமே. எண்பதைத் தாண்டியவர்களின் சாட்சியத்தை அடுத்த தீபாவளிவரை தள்ளிப்போடக் கூடாது.

பிறந்த தேதியும் பொருந்தவில்லையே?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சகஜம். படையில் சேர வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. பிறப்புத் தேதியை ஜே.பி.என்.-இல் திருத்தப் போகாதீர்கள். அது தனி வழக்கு, வருடக்கணக்கில் இழுக்கும், பிறகு மற்ற எல்லாத் தாள்களோடும் முரண்படும். இரண்டு தேதியையும் பிரமாணத்தில் எழுதிக் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

நகலை உறுதிப்படுத்தச் சொல்கிறார்கள். யாரிடம் போவது?

உயர்நிலை அரசு அதிகாரி, சமாதான நீதிபதி, பள்ளித் தலைமையாசிரியர் போன்றவர்களிடம். அருகிலுள்ள தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைப் பெரும்பாலும் எளிதாகப் பார்க்கலாம். மூலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். மூலத்தைப் பார்க்காமல் முத்திரை குத்துபவரிடம் வாங்காதீர்கள். "சாலினான் டியாக்குய் சா" என்ற முத்திரைக்குக் கீழே கையெழுத்து, பெயர், பதவி, அலுவலக முத்திரை, தேதி ஐந்தும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் முகப்பிலேயே திருப்பிவிடுவார்கள்.

அப்பா இராணுவத்தில் 12 ஆண்டுதான். பென்ஷன் இல்லை. பதிவு செய்து என்ன பயன்?

சாதாரணப் பதவிநிலை வீரருக்கு ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு பணி வேண்டும். பணிக் காயத்தாலோ நோயாலோ மருத்துவ வாரியம் விடுவித்தவர்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. மற்றபடி 12 ஆண்டுக்குப் பென்ஷன் வராது. வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஆனால் ஓய்வூதியம் இல்லாதவரும் முன்னாள் வீரர்தான். 2012-ஆம் ஆண்டு முன்னாள் வீரர் சட்டம் ஓய்வூதியத்தை அளவுகோலாக வைக்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் அவமானகரமாக நீக்கப்பட்டவர் மட்டும் வெளியே. பதிவு செய்தால் மருத்துவம், பிள்ளைகளின் கல்வி, வறியவருக்கான வாழ்க்கைச் செலவு உதவி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும். பதிவு செய்த உடனே உதவி தானாக வராது, ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், வருமான வரம்பு எல்லாம் உண்டு.

பணிமுடிவுத் தாளில் முதலில் "காரணம்" என்ற கட்டத்தைப் படியுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தது, சொந்த விருப்பம், உடல்தகுதியின்மை, ஒழுங்கு நடவடிக்கை: இதில் எது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். உடல்தகுதியின்மை என்று இருந்து, அப்போது யாரும் வழிகாட்டாமல் வெறுங்கையோடு வந்தவர் என்றால், மருத்துவ வாரிய அறிக்கையைக் கேட்டு எழுதுங்கள். நூலாக இருந்தாலும் இழுத்துப் பார்க்க வேண்டிய நூல் அது.

வார இறுதிப் பயிற்சிக்குப் போன அஸ்கார் வத்தானியா தொண்டர்கள், முழுநேரமாக அழைக்கப்பட்டுப் பணியில் இருந்த காலத்தைத் தனியே காட்ட வேண்டும். 2004-இல் தொடங்கிய பி.எல்.கே.என். தேசிய சேவை முகாம் பயிற்சிதான், படைப்பணி அல்ல.

அப்பா வேலை செய்த இலாகாவே இப்போது இல்லை. யாரிடம் கேட்பது?

இலாகா போனாலும் அதன் கடமை யாருக்கோ மாறியிருக்கும். தொலைபேசி இலாகா 1987-இல் நிறுவனமானது. லெம்பாகா லெட்ரிக் நெகாரா என்ற எல்.எல்.என். 1990-இல் தெனாகா ஆனது. தபால் இலாகா 1992-இல், ரயில்வே அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல். பினாங்குத் துறைமுகச் செயல்பாடு 1994-இல் நிறுவனத்தின் கைக்குப் போனது.

மாறிய தேதிதான் இங்கே கத்திமுனை. அந்தத் தேதிக்கு முன்பே ஓய்வு பெற்றவர் அரசாங்க ஓய்வூதியர். அவருடைய கோப்பு அரசாங்க ஓய்வூதியப் பிரிவுக்குப் போயிருக்கும். 2015 முதல் அதைக் குவாப் பார்க்கிறது. தேதிக்குப் பிறகும் வேலையில் தொடர்ந்தவருக்கு அப்போது ஒரு விருப்பத் தேர்வுக் கடிதம் கொடுத்திருப்பார்கள்: பழைய அரசாங்க ஓய்வூதியத் திட்டமா, ஊழியர் சேமநிதியா என்று. அவர் எதில் கையெழுத்திட்டார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வீட்டில் அந்தத் தாள் இல்லையென்றால் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதி நகல் கேளுங்கள்.

ஜோர்ஜ்டவுன் நகராட்சியில் துப்புரவு, சாலை, தண்ணீர்ப் பிரிவுகளில் இருந்தவர்களின் ஓய்வூதியம் உள்ளாட்சி அமைப்புகளுக்கான 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் வரும். கூட்டரசு ஊழியர்களுக்கான சட்டம் வேறு. பாரத்தில் தவறான சட்டத்தைக் குறித்துவிடாதீர்கள்.

முதல் சில ஆண்டுகள் நாள்கூலி. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம். கிடைப்பது, நாள்கூலிக்கும் நிரந்தரப் பணிக்கும் நடுவில் இடைவெளி இருந்ததா என்பதைப் பொறுத்தது. ஒரு வேலையை விட்டு மாதங்கள் கழித்து மறுபடி சேர்ந்திருந்தால் முந்தியது அறுந்துபோகும். சம்பளமில்லா விடுப்பும் பொதுவாகக் கணக்கில் வராது.

சில மாதங்களுக்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அரசாங்க ஓய்வூதியம் என்பது கடைசிச் சம்பளத்தைக் கணக்கில் வரும் மாதங்களால் பெருக்கி 600-ஆல் வகுப்பது. கடைசிச் சம்பளம் 2,400 ரிங்கிட், 300 மாதப் பணி என்றால் மாதம் 1,200 ரிங்கிட். 14 மாதம் விடுபட்டு 286 ஆனால் 1,144. மாதத்துக்கு 56 ரிங்கிட் குறைகிறது, ஆயுள் முழுக்க. பணிக்கொடை, சம்பளத்தின் 7.5 விழுக்காட்டை மாதங்களால் பெருக்குவது: 54,000-க்குப் பதில் 51,480. ஒரே தடவையில் 2,520 ரிங்கிட் போச்சு.

உச்சவரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2009 முதல் 360 மாதம். அதற்கு முன் 300. ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டவருக்குப் பழைய நாள்கூலிக் காலத்தைச் சேர்த்தாலும் மாத ஓய்வூதியத்தில் ஒரு காசும் ஏறாது.

ஆதாரம் பணிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நியமனம், ஊதிய உயர்வு, விடுப்புக்கும் ஒரு வரி, பக்கத்தில் அதிகாரியின் சுருக்கொப்பம். சுருக்கொப்பம் இல்லாத வரி ஆதாரம் ஆகாது. தேதிகளை மேலிருந்து கீழே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்; ஒரு வரி முடியும் தேதிக்கும் அடுத்தது தொடங்கும் தேதிக்கும் இடையில் நாள் விடுபட்டிருந்தால் அங்கேதான் கேள்வி வரும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கோயிலில் திருமணம் நடந்தது, பதிவு இல்லை. விதவை ஓய்வூதியம் கிடைக்குமா?

திருமணம் எந்த ஆண்டு? 1 மார்ச் 1982-க்கு முன் என்றால் பயப்பட வேண்டாம். அன்றுதான் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சடங்குப்படி நடந்த திருமணம் பதிவில்லாமலும் செல்லும். அதன்பின் கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் சட்டப்படி சிக்கல்தான். வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

பழைய திருமணத்துக்கு ஆதாரமாக கோயில் கடிதம், பத்திரிகை, தாலி கட்டும் படம், இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணத்தில் இருந்த மூத்தவர் ஒருவரின் பிரமாணம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு ஜே.பி.என்.-இல் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பணிப் பதிவில் "மனைவி" என்ற கட்டத்தில் அம்மாவின் பெயர் இருந்தால் அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. அங்கே வேறொரு பெயர் இருந்தால், அதை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். 1982-க்கு முன் இரண்டு திருமணம் செய்தவர்கள் இருந்தார்கள். இரு குடும்பமும் சேர்ந்து போவதுதான் விரைவில் முடியும் வழி.

பதக்கம் தொலைந்துவிட்டது. கடையில் விற்கிறார்களே, வாங்கி மாட்டலாமா?

கடையில் வாங்கியது நகல். பதக்கத்துக்கான உரிமை பணிப் பதிவில் எழுதிய வரியில் இருக்கிறது. முதலில் அந்த வரியை உறுதிப்படுத்தி வாங்குங்கள். 31 ஜூலை வீரர் நாளில் நெஞ்சில் குத்துவதற்கு நகல் போதும். காமன்வெல்த் படைகளில் 31 ஆகஸ்ட் 1957 முதல் 31 டிசம்பர் 1966 வரையிலான காலத்தில் இங்கே பணியாற்றியவர்களுக்கு மலேசிய அரசாங்கம் வழங்கிய பிங்காட் ஜாசா மலேசியா என்ற பதக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கோ பிரிட்டனுக்கோ எழுதுபவர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தாத்தா நேதாஜியின் படையில் இருந்தார். அதற்கு?

இந்திய தேசிய இராணுவம் மலேசிய அரசாங்கத்தின் படை அல்ல, ஜே.எச்.இ.வி. பதிவுக்குள் வராது. இந்திய அரசாங்கம் 1972-இல் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தைத் தொடங்கி 1980-இல் விரிவாக்கியது. அதில் வாழ்க்கைத்துணை, மணமாகாத மகள், பெற்றோர் வரைதான் வாரிசு உரிமை. பேரப்பிள்ளைகளுக்கு இடமில்லை. ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்தியா 2000-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. ஆனால் அது விருது, விண்ணப்பித்து வாங்கும் பணி அங்கீகாரம் அல்ல. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் கட்டாயத் தொழிலாளர்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன எந்த வழியும் அவர்களுக்குப் பொருந்தாது என்பது வருத்தமான விஷயம்தான்.

போருக்கு முந்திய பினாங்குத் தொண்டர் படை, ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் தொண்டர் படையின் மூன்றாவது பட்டாளம். அது பிரிட்டிஷ் காலனி அரசின் கீழ் இருந்தது. தேட வேண்டிய இடங்கள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகமும், கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் உள்ள மலேசிய தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவும்.

கடிதம் எப்படி எழுதுவது? எவ்வளவு காலம் காத்திருப்பது?

மலாயில், ஒரே பக்கத்தில். தலைப்பு: "பெர்மோஹோனான் பெங்கெசாஹான் பெர்கிட்மாத்தான்", அதாவது பணி உறுதிப்படுத்தல் விண்ணப்பம். முதல் பத்தியில் எண், பெயர் வடிவங்கள், பிரிவு, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு. இரண்டாவதில் உங்கள் உறவு. மூன்றாவதில் என்ன வேண்டும் என்று ஒரே ஒரு வேண்டுகோள். உறுதிக் கடிதம், பதக்கம், உதவித்தொகை, அட்டை நான்கையும் ஒரே கடிதத்தில் கேட்டால் அது நான்கு மேசைக்குப் போய் ஒன்றிலும் நிற்காது. முதலில் உறுதிக் கடிதம். அது கையில் வந்தபின் மற்றவை.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். "நோம்போர் ருஜுக்கான்" என்ற கோப்பு எண் இல்லாமல் தொலைபேசியில் கேட்பவருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. முதல் அழைப்பிலேயே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதங்கள் ஓடியும் அசைவில்லை என்றால் அந்தத் துறையின் சிஸ்பா புகார் முறையில் கோப்பு எண்ணோடு பதியுங்கள்.

"ரெக்கோட் தீடாக் டிஜும்பாய்", அதாவது பதிவு கிடைக்கவில்லை, என்று பதில் வந்துவிட்டது. முடிந்ததா?

இல்லை. அவர்கள் எந்த எண்ணில், எந்தப் பெயரில், எந்தப் படையின் பதிவில் தேடினார்கள் என்று எழுதிக் கேளுங்கள். தரைப்படைப் பதிவில் மட்டும் தேடியிருப்பார்கள், ஆள் கடற்படையாக இருப்பார். அல்லது மைகாட் எண்ணை மட்டும் வைத்துத் தேடியிருப்பார்கள். விடுபட்ட வடிவத்தை மட்டும் சுட்டி, முந்திய கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். புதிய விண்ணப்பமாகத் தொடங்காதீர்கள். வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

பாரம் நிரப்பவும் கடிதம் தட்டச்சு செய்யவும் நியாயமான கூலி வாங்குபவர் வேறு. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று சொல்பவர் வேறு. யாராக இருந்தாலும் மூலப் பணிமுடிவுத் தாளைக் கையில் கொடுக்காதீர்கள், உறுதிப்படுத்திய நகல் போதும். முன்னாள் வீரர் சங்கக் கிளைகளிலும் பாரம் நிரப்ப உதவுவார்கள். போவதற்கு முன் தாள்களை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, பிள்ளைகளில் இரண்டு பேருடைய தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.